பக்கத்தில் ஆள் இருந்தபோது எடுத்த அளவு

ரத்த அழுத்தம் எத்தனைக்கு மேல் போனால் அதை நோய் என்று சொல்லலாம் என முடிவு செய்யத்தான் ஆய்வுக் குழு கூடியது. கூடிய அறையில் எல்லோருக்கும் அழுத்தம் எகிறிப்போனதுதான் மிச்சம். நூற்று முப்பதில் கோடு போட்டால், காலையில் திடமாக எழுந்த பாதி ஊர் மத்தியானம் நோயாளியாகச் சாப்பிட உட்காரும் என்றார் ஒருவர். நூற்று நாற்பதில் போட்டால் நோயாளிகள் போதாமல் ஆய்வே படுத்துவிடும் என்றார் இன்னொருவர். ஆளாளுக்கு எங்கெங்கோ நடந்த ஆய்வுகளை எடுத்து வீசினார்கள். உள்ளுக்குள் ஒவ்வொருவரும் யோசித்தது என்னவோ சொந்தக் கையைப் பற்றித்தான். குழுவின் தலைவரான பெரிய டாக்டருக்கு நூற்று முப்பத்தெட்டு. அவர் நூற்று நாற்பதின் பக்கம் அசையாமல் நின்றார். மாதக்கணக்கில் இழுத்தடித்துக் கடைசியில் நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறு என்று முடிவானபோது, பெரிய டாக்டர் எந்த வியாதியும் இல்லாத மனிதராக அறையை விட்டு வெளியே வந்தார்.

அதோடு விட்டார்களா? ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களை என்ன செய்வது என்று அடுத்த பஞ்சாயத்து. மாத்திரை சாப்பிட்டால் அழுத்தம் இறங்கிவிடும், இறங்கிவிட்டால் நோயாளிக் கணக்கில் வராது. அதனால் மாத்திரை சாப்பிடுகிற எல்லோரும், அளவு எவ்வளவு இருந்தாலும், நோயாளிகள்தான் என்று இரண்டாவது விதி வந்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விதி ஒரு வீட்டுக்குள் நுழைந்து என்ன பாடு படுத்தியது என்பதை அந்தக் குழுவில் யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்த வீட்டுக்காரர் இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேராமல் மூலையில் உட்கார்ந்திருந்தார். ஆய்வின் தரக் கண்காணிப்பாளர் அவர். கோட்டை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், அளவு மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பழைய ஆய்வுகளில் அளந்தவர்கள் எல்லாம் நூற்று இருபது, நூற்று முப்பது என்று பூஜ்யத்தில் முடிகிற எண்ணாகவே எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ‘மனுஷன் ரத்தம் என்ன பத்துப் பத்தாவா ஓடும்?’ என்பார். அளப்பதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற விதியை அவர் காத்த அழகைப் பார்த்துத்தான் அலுவலகத்தில் அவருக்கு ‘அஞ்சு நிமிஷம்’ என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். தெரிந்து கொஞ்சம் பெருமைதான்.

அளக்கும் அறையை அவரே பார்த்துப் பார்த்து உருவாக்கினார். முதுகு முழுக்கச் சாயும் நாற்காலி. கை நெஞ்சு உயரத்தில் படிகிற மாதிரி ரம்பம் வைத்து அறுத்துச் சரி செய்த மேசை. ஜன்னலுக்குக் கனத்த திரை. கதவில் சத்தம் வராமலிருக்க ஓரமெல்லாம் துணி. வருகிறவர்கள் கைபேசியை வெளியே வைத்துவிட வேண்டும், கழிப்பறைக்குப் போய் வந்துவிட வேண்டும், கால் மேல் கால் போடக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. கூட வந்த புருஷன், மாமியார், பிள்ளை, யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை. நர்ஸ் கையில் பட்டையைக் கட்டிவிட்டு வெளியே போய்விடுவார். மெஷின் தானாகவே மூன்று முறை அளக்கும். முதல் அளவைத் தூக்கிப் போட்டுவிட்டு மற்ற இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்வார்கள். முதல் அளவு பதற்றத்தில் வருவது, அதில் உண்மை இருக்காது என்பது விதி.

முதலில் பெண்களை அளப்பதென்று ஏற்பாடு. அவர்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் நூற்றுப் பதினாறு, நூற்றுப் பதினெட்டு, நூற்று இருபத்திரண்டு. பெரிய டாக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்த ஊர்ப் பெண்களுக்கு ரத்த அழுத்தமே இல்லை என்று ஒரு கட்டுரை எழுதினால் உலகமே திரும்பிப் பார்க்கும் என்று கணக்குப் போட்டார். ‘அதெப்படி சார்?’ என்று கேட்டவர்களுக்கு, சாப்பாடாக இருக்கலாம், பரம்பரையாக இருக்கலாம், காற்றாகக்கூட இருக்கலாம் என்றார். நர்ஸுக்கு மட்டும் வேறொரு தொல்லை. அளந்து முடிந்த பிறகு பெண்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள். ஒரு பெண் தூங்கியே போனாள். இன்னொருத்தி, ஐந்து நிமிஷம் யாரும் தன்னைக் கூப்பிடாமல் இருந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். மூன்றாமவள் தன் பக்கத்து வீட்டுக்காரியையும் நாத்தனாரையும் மறுநாளே அழைத்து வந்து, ‘போய் உட்கார்ந்து பாருங்க, சொகமா இருக்கும்’ என்று கோவிலுக்கு அனுப்புவது மாதிரி உள்ளே அனுப்பினாள்.

இதையெல்லாம் நர்ஸ் சொன்னபோது கண்காணிப்பாளர் மகிழ்ந்து போனார். தன் அறையின் தரம் அப்படி என்று நினைத்துக்கொண்டார். படித்தவர்களுக்கு எதைச் சொன்னாலும் முதலில் பாராட்டாகத்தான் காதில் விழும்.

அவர் வீட்டில் நிலைமை வேறு. மனைவிக்குக் கொஞ்ச காலமாகப் பிடரியில் வலி. குனிந்து நிமிர்ந்தால் தலை கிர்ரென்று சுற்றியது. ஒருநாள் காலையில் காலண்டரில் இருந்த எழுத்தெல்லாம் நீரில் விழுந்த மாதிரி கலைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அவள் அம்மா துணி காயப்போட மாடிக்குப் போனவள், வாய் கோணிக் கீழே விழுந்து, பிறகு எழுந்திருக்கவே இல்லை. படுக்கையோடு படுக்கையாகக் கிடந்து, பெற்ற மகளையே யாரென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்து போய்ச் சேர்ந்தாள். அந்தப் பார்வையை இவள் இன்னும் மறக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் தெருமுனை டாக்டரிடம் போனாள். அவர் அளந்து பார்த்துவிட்டு, நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்றிரண்டு, நாளைக்கே மாத்திரையை ஆரம்பித்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்தச் சீட்டைப் பார்த்த கணவர், சட்டையைக்கூட மாற்றாமல் விசாரணையை ஆரம்பித்தார்.

“போனவுடனே அளந்தாரா, உட்கார வெச்சு அளந்தாரா?”

“உட்கார வெச்சுத்தாங்க.”

“எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தே?”

“அதெல்லாம் யாரு பார்த்தா? கூட்டமா இருந்துச்சு.”

“முதுகு சாய்ஞ்சிருந்துதா?”

“அது ஸ்டூலுங்க.”

“ஸ்டூல்.” அவர் அந்த வார்த்தையைத் தரையில் கிடந்த அழுக்குத் துணியைத் தூக்குவது மாதிரி தூக்கிக் காட்டினார். “பேசினியா?”

“அவர் கேட்டாரு, நான் பதில் சொன்னேன். வாய் பேசாமயா டாக்டர்கிட்ட காட்ட முடியும்?”

“அவ்வளவுதான். பேசினா ஏறும். அது அளவே இல்லம்மா. சும்மா ஒரு நம்பர்.”

மாத்திரைச் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு பொறுமையாக, மிகவும் பொறுமையாக, இரண்டாவது விதியை விளக்கினார். மாத்திரையை ஒருமுறை வாயில் போட்டால் போதும், அந்த நிமிஷத்திலிருந்து அவள் நோயாளி. போடாமல் இருக்கும்வரை யாரும் அவளை நோயாளி என்று சொல்ல முடியாது. இதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. பாவம், நம்பித்தான் சொன்னார். அவளுக்கு நல்லது செய்வதாகவே நினைத்தார்.

அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. குடி கிடையாது, ஊர் சுற்றல் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து மனைவியிடம் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அதில் அவருக்கு ஏக பெருமை. என்ன, வீட்டிலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். பால் பொங்குவதற்கு முன்பே அடுப்பைக் குறைத்திருக்கலாம் என்பார். காயை இந்தப் பக்கமிருந்து நறுக்கினால் வீணாகாது என்பார். குழாயை மூடிவிட்டு அவள் வந்த பிறகு, போய் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். ஒன்றும் சொல்ல மாட்டார். தொட்டுப் பார்ப்பார், அவ்வளவுதான். அவள் கதவைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பார். துணியை மடித்து வைத்தால், அதைப் பிரித்து ஓரம் பொருந்துகிற மாதிரி மறுபடி மடித்து, அதே இடத்தில் வைப்பார். உதவிதான் செய்கிறார். அவரைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார்.

அந்த வாரமே அவளை ஆய்வில் சேர்த்துவிட்டார். நர்ஸ் பட்டையைக் கட்டிவிட்டு வெளியே வந்தார். கதவு மூடியது. இவர் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். நூற்று இருபத்தாறுக்கு எழுபத்தெட்டு. விதிப்படி வேறொரு நாளும் அளக்க வேண்டும் என்று மறுபடி வரவழைத்தார். நூற்று இருபத்து நான்கு. அன்று சாயங்காலம் அவர் நடையே தனியாக இருந்தது.

“நீ நார்மல். ரெண்டு நாள் அளந்தாச்சு. இனிமே அந்த ஸ்டூல் டாக்டர் பேச்சை எடுக்காதே.”

“பிடரி வலிக்குதேங்க.”

“தலகாணி சரியில்லை. நாளைக்கு வேற பார்ப்போம்.”

எண்ணோடு யார் சண்டை போட முடியும்? மறுநாள் தலையணை வந்தது. அவளை எப்படித் தலை வைத்துப் படுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். மாதங்கள் போயின, வலி போகவில்லை. உறவுக்காரர்கள் யாராவது ‘என்னம்மா இப்படி இளைச்சுட்டே?’ என்று கேட்டால், அவள் வாயைத் திறப்பதற்குள் இவர் அவளுடைய அளவைச் சொல்லிவிடுவார். கேட்டவர்களும் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அவளுக்கோ, தன் உடம்பு தன்னிடமே பொய் சொல்கிறதோ என்று சந்தேகம் வந்துவிட்டது. மாடிக்குத் துணி காயப்போடப் போகும்போது மட்டும் கைப்பிடிச் சுவரை விட்டுத் தள்ளியே நடந்தாள்.

ஆய்வு முடியப்போகிற சமயம். அளவுகள் நம்பத்தக்கவையா என்று சோதிக்க, ஏற்கெனவே வந்தவர்களில் சிலரைக் கம்ப்யூட்டரே கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. அவர்களை மூன்றாம் முறை அளக்க வேண்டும். அதில் அவர் மனைவியும் இருந்தாள். அவள் வந்த அன்று பார்த்து நர்ஸ் வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல். நாளைத் தள்ளிப் போட்டால் அட்டவணை கெட்டுவிடும் என்று அவரே பட்டையைக் கட்ட உட்கார்ந்தார். நர்ஸ் கட்டிவிட்டு வெளியே போவது விதியில் இல்லை, பழக்கம் மட்டும்தான். அவர் பழக்கத்தையெல்லாம் மதிப்பவர் இல்லை. எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். தான் உருவாக்கிய அறையில், தான் வகுத்த முறையில், சொந்த மனைவியை அளக்கப் போகிறோம் என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

விதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுடைய வலது குதிகால் தரையிலிருந்து லேசாகத் தூக்கியிருந்தது. விரலால் சுட்டினார். அவள் இறக்கி வைத்தாள். முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவே சற்று இடைவெளி இருந்தது. உள்ளங்கையைப் பின்னால் தள்ளிக் காட்டினார். அவள் சாய்ந்தாள். விரல்களை மடக்கி வைத்திருந்தாள். தன் விரல்களை விரித்துக் காட்டினார். அவளும் விரித்தாள். பிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடலாமா கூடாதா என்று விதியில் இல்லாததால் அதை மட்டும் விட்டுவிட்டார்.

மெஷின் உறுமிக்கொண்டு காற்றை ஏற்றியது. நூற்று எழுபத்தெட்டு. முதல் அளவு, தூக்கிப் போட வேண்டியதுதான் என்று அவர் அசரவில்லை. அடுத்தது நூற்று எழுபத்து நான்கு. அதற்கடுத்தது நூற்று எழுபத்தைந்துக்கு நூற்று நான்கு.

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“எவ்வளவுங்க?” என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

“மெஷின் கோளாறு. இரு.”

பட்டையை அவிழ்த்துத் தன் கையில் கட்டிப் பார்த்தார். நூற்றுப் பதினெட்டு. மெஷின் நன்றாகத்தான் இருந்தது. பெரிய பட்டையை எடுத்து வந்து அவளுக்குக் கட்டினார். அவளுடைய முழங்கையை நகர்த்தினார், தோளைத் தொட்டுத் தளர்த்தினார், மேசையின் உயரத்தைச் சரிபார்த்தார். அவர் சரிசெய்யச் சரிசெய்ய அது ஏறிக்கொண்டே போனது. கடைசியில் வேர்த்து விறுவிறுத்துப் பெரிய டாக்டரைக் கூப்பிட்டார்.

பெரிய டாக்டர் வந்து எண்ணைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். “நீங்க கொஞ்சம் வெளியே இருங்க,” என்று அவரை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு, மெஷினை முடுக்கிவிட்டுத் தானும் வெளியே வந்தார். கொஞ்ச நேரம் கழித்து இருவரும் உள்ளே போனார்கள். நூற்று இருபத்தெட்டு.

பெரிய டாக்டருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “டாக்டரோட வெள்ளைக் கோட்டைப் பார்த்தா ஏறும்னு படிச்சிருக்கோம். நீங்க கோட்டே போடலையேய்யா. உங்களையே பார்த்தா ஏறுது போல.” பிறகு தொழிலுக்குத் திரும்பினார். “அளக்கறவர் சொந்தக்காரரா இருக்கக் கூடாதுன்னு ஒரு விதி சேர்த்துடுங்க. நீங்க உட்கார்ந்து எடுத்த அளவையெல்லாம் தள்ளிடுங்க. இதை எடுத்துக்குங்க. நல்ல வேளை, அழகா பொருந்துது. அம்மா, உங்களுக்கு ஒண்ணுமே இல்லை, கவலைப்படாம போங்க. இவர் பக்கத்துல இருந்தாத்தான் கொஞ்சம் ஏறுது, அவ்வளவுதான்.”

அவள் பட்டையைத் தானே அவிழ்த்துக்கொண்டாள். “டாக்டர், வீட்டுல எனக்கு எவ்வளவு இருக்கும்?”

“வீட்டுல எடுத்தா அது ஆய்வுல சேராதும்மா. அங்கே எல்லாத்தையும் கட்டுப்படுத்த முடியாது பாருங்க.”

“அது தெரியுதுங்க. எவ்வளவு இருக்கும்னு கேட்டேன்.”

“அது ஆய்வுக்குத் தேவைப்படாது.”

“எனக்குத் தேவைப்படுதே டாக்டர்.”

பெரிய டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “வரையறைப்படி நீங்க நார்மல்மா,” என்று இன்னொரு முறை அன்பாகச் சொன்னார்.

“சரிங்க. அப்ப நான் இந்த ரூம்லயே இருந்துடறேன்.”

பெரிய டாக்டர் கடகடவென்று சிரித்தார். இவ்வளவு நகைச்சுவை உணர்வுள்ள மனைவி கிடைத்ததற்குக் கண்காணிப்பாளரின் தோளில் தட்டிவிட்டுப் போனார். அவள் சிரிக்கவில்லை என்பதை அந்த அறையில் ஒருவர்தான் பார்த்தார். எதையும் பார்க்காமல் விடுகிற கண் இல்லை அது.

வீட்டுக்கு நடந்தே வந்தார்கள். அவருக்கு அவமானமும் கோபமுமாக இருந்தது. தெருவில் பேசக் கூடாதென்று அடக்கிக்கொண்டு வந்தார். வீட்டுக் கதவை அவள் தாழிட்டாள். அவர் கை தானாகத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கப் போய், பாதியில் நின்றது.

“நான் உன்னை அடிச்சேனா?”

“இல்லைங்க.”

“ஒரு நாள், ஒரே ஒரு நாள் திட்டியிருக்கேனா?”

“இல்லவே இல்லைங்க.”

“அப்புறம் என்னதான்மா பண்ணிட்டேன் நான்?”

அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். சண்டைக்கு வருகிற முகமில்லை. இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி என்பதால் சரியான பதிலைத் தேடினாள்.

“நீங்க பார்த்துக்கிட்டே இருக்கீங்க,” என்றாள். “ஒரு டம்ளர் கழுவினாலும் பார்க்கறீங்க. நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்க, எனக்குத் தெரியும். சொல்லாம இருக்கீங்க பாருங்க, அப்பத்தான் எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. நீங்க ஆபீஸ் போனதும் நிக்குது. சாயங்காலம் நீங்க வாசல்ல செருப்பை விடற சத்தம் கேட்டா மறுபடி ஆரம்பிக்குது. எங்கம்மா மாதிரி விழுந்துடுவேனோன்னு பயமா இருக்குங்க. சொன்னா நீங்க நம்பர் சொல்றீங்க.”

பதில் சொல்ல வாயெடுத்தார். அவளுக்கு ஏறும்படி தான் பார்த்தது எத்தனை நாள், எந்த நேரம், அதற்கு ஆதாரம் என்ன என்று கேள்விகள் வரிசையாக வந்து நின்றன. எல்லாமே நல்ல கேள்விகள். ஒன்றைக்கூட அவரால் கேட்க முடியவில்லை. தனக்கு வெட்கமாக இருக்கிறது என்பது அவருக்கே புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மாத்திரைச் சீட்டை வாங்கி வைத்த அந்தப் பழைய சட்டையைத் தேடி எடுத்துப் பையைத் துழாவினார். சீட்டு எப்போதோ துவைத்ததில் கூழாகிப் போயிருந்தது. “வா, அந்த டாக்டர்கிட்டயே போகலாம்,” என்றார்.

தெருமுனை டாக்டர் அதே ஸ்டூலில் உட்கார வைத்து அளந்தார். இவரை அவள் வெளியே நிற்கச் சொல்லவில்லை, அவராகவே வாசலில் நின்றுகொண்டார். இருந்தும் அன்று நூற்று அறுபத்திரண்டு இருந்தது. வாசலில் ஆள் நிற்பதும் ரத்தத்துக்குத் தெரியுமோ, அல்லது இத்தனை மாதத்தில் அது அப்படியே ஏறி நின்றுவிட்டதோ, யாரால் சொல்ல முடியும். இதயத்தை ஸ்கேன் எடுக்கச் சொன்ன டாக்டர், மறுநாள் அதைப் பார்த்துவிட்டு இதயச் சுவர் தடித்திருக்கிறது என்றார். “இவ்வளவு நாள் எங்கம்மா போயிருந்தீங்க?” என்று கேட்டார்.

“ஆய்வுக்குப் போயிருந்தேன் டாக்டர்,” என்றாள் அவள்.

அன்று சாயங்காலமே மாத்திரை வாங்கி வந்தார்கள். ஆய்வின் கணக்கில் அவள் நூற்று இருபத்தெட்டுடன் ஆரோக்கியமாக இருந்தாள். மாத்திரை சாப்பிடப் போகிறாள் என்று அவர் மறுநாள் போய்ச் சொன்னால் நோயாளி ஆவாள். சொல்வதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்திருக்கவில்லை.

சமையலறையில் அவள் மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்தாள். மாத்திரை கீழே விழுந்துவிடும்படிதான் பிரித்தாள். அதை வேறு விதமாகப் பிரிக்க வேண்டும். தண்ணீரை வெதுவெதுப்பாக எடுத்திருக்கலாம். நின்றுகொண்டு விழுங்குவதைவிட உட்கார்ந்து விழுங்குவது நல்லது. அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, எதிர்வீட்டுச் சுவர்தான். பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது, விழுங்கும் சத்தம் கேட்டது, டம்ளரை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது. கழுவி வைத்தாளா, கழுவாமல் வைத்தாளா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்கு அவருக்கு இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.